சமையல் எண்ணெய்ப் போத்தலில் மிதவைத் தூண்டில்: கெளுத்தி பிடிக்க வீட்டிலேயே செய்யலாம்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டில் இரண்டு லிட்டர் சமையல் எண்ணெய்ப் போத்தல் காலியானால் குப்பைக்குப் போகாது. கழுவிக் கவிழ்த்து, துணி காயப்போடும் மூங்கில் கழிகளுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும். ஆறு சேர்ந்ததும் மனைவி கேட்பார்: "என்ன, கோத்தா திங்கியா?"

ஜொகூரில் இருக்கும் கோத்தா திங்கிதான். அங்கே சித்தப்பாவின் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு குட்டை இருக்கிறது. ஆழம் எங்கேயும் இரண்டு மீட்டரைத் தாண்டாது. சித்தப்பா விட்ட கெலியும் பாத்தினும் அதில் கொழுத்துக் கிடக்கின்றன. இரண்டும் கெளுத்தி இனம்தான். நம் ஊர்ச் சந்தையில் மலாய்ப் பெயரே பழகிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

செய்முறைக்கு முன் ஒரு விஷயம். இதைச் சிங்கப்பூரில் செய்யலாம், சிங்கப்பூரில் மிதக்கவிடக் கூடாது. நம் நீர்த்தேக்கங்களில் பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்துக் கொடுத்த இடங்களில்தான் தூண்டில் போடலாம், அதுவும் செயற்கை இரையோடு மட்டும். மீறினால் அபராதம் 3,000 வெள்ளி வரை போகும். கோழி ஈரல் குத்திய போத்தலைத் தண்ணீரில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது அந்த விதிக்குள் எப்படிப் பார்த்தாலும் அடங்காது. பிடோக் படகுத்துறையில் விட்டால் நீரோட்டம் அதை இழுத்துப் போய்ப் பக்கத்தில் நிற்கும் பத்துப் பேரின் தூண்டில் நரம்போடு முடிச்சுப் போட்டுவிடும், திட்டு உங்களுக்குத்தான். ஆகவே சொந்தக்காரர் குட்டை, தெரிந்தவர் குளம், உரிமையாளர் 'சரி' சொன்ன இடம், இங்கெல்லாம்தான் இந்த வேலை.

இது எப்படி வேலை செய்கிறது

இந்த முறை அமெரிக்காவின் தென்மாநில ஏரிகளிலும் ஆறுகளிலும் நெடுநாள் பழக்கம். அங்கே பால் போத்தலோ சோடாப் போத்தலோ எடுத்துக் கழுத்தில் நூல் கட்டி, நூல் முனையில் ஈயமும் முள்ளும் கோத்து மிதக்கவிடுவார்கள். மீன் இரையைக் கவ்விக் கீழே இழுக்கும்போது போத்தல் மேலே இழுக்கும். கையில் தடி பிடித்துச் சுண்டவேண்டிய வேலையைப் போத்தலே பார்த்துக்கொள்கிறது.

எவ்வளவு இழுக்கும்? மூடி இறுக்கிய இரண்டு லிட்டர் போத்தலை முழுதாகத் தண்ணீரில் அமுக்க ஏறக்குறைய இரண்டு கிலோ விசை வேண்டும். பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி ஒரு கையால் அமுக்கிப் பாருங்கள். என் மகள் இரண்டு கையாலும் அமுக்கி, அது வழுக்கி எகிறி, சமையலறை முழுக்கத் தண்ணீர். அரை லிட்டர் போத்தல் இதற்குப் போதாது. நல்ல பாத்தின் ஒன்று அதை அப்படியே கீழே கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். ஐந்து லிட்டர் போத்தலோ காற்றுக்குப் பாய்மரம் மாதிரி ஓடும். இரண்டு லிட்டர்தான் அளவு.

வேண்டிய பொருள்

புதிதாகத் தொடங்குகிறவர் நாலு போத்தல் செய்தால் போதும். ஒவ்வொன்றுக்கும்: மூடியோடு எண்ணெய்ப் போத்தல் ஒன்று. கொத்தனார்கள் மட்டம் பிடிக்கக் கட்டும் முறுக்கு நைலான் நூல், குட்டை ஆழத்தைவிட ஒரு மீட்டர் கூடுதலாக. 40 பவுண்டு இழுப்பைத் தாங்கும் தங்கூசி, அதாவது தூண்டில் நைலான் நரம்பு, அரை மீட்டர். இரண்டு முனையிலும் கண் உள்ள சுழலும் இணைப்பான ஸ்விவல் ஒன்று. நடுவில் துளையுள்ள ஈயக்குண்டு, 60 கிராம். வட்ட முள் ஒன்று. இவை தவிரச் சிவப்புத் துணி டேப், இருட்டில் ஒளி பட்டால் மின்னும் டேப், குழாய்க்காரர்கள் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப், அழியாத மை பேனா.

முழு நீளத்துக்கும் தங்கூசியையே கட்டினால் என்ன என்று கேட்பீர்கள். கட்டலாம். ஆனால் மீனைக் கையால் இழுக்கும்போது மெல்லிய நரம்பு விரலை அறுக்கும், போத்தலில் சுற்றி வைத்தால் சுருள் சுருளாக நின்று சிக்கும். கொத்தனார் நூல் கைக்கும் நல்லது, பைக்கும் நல்லது.

வட்ட முள்ளைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். சாதாரண முள் ஆங்கில 'ஜே' எழுத்து மாதிரி இருக்கும், கூர் மேலே பார்க்கும். வட்ட முள்ளின் கூர் தண்டை நோக்கி உள்பக்கமாக வளைந்திருக்கும். முதல்முறை பார்த்தபோது 'இதில் எதுடா மாட்டும்' என்றுதான் எனக்குத் தோன்றியது. மீன் இரையை விழுங்கினாலும் இந்த முள் தொண்டையில் குத்தாமல் வழுக்கி வரும். மீன் திரும்பி நீந்தும்போது வாய் ஓரத்தில் புரண்டு உதட்டில் ஏறிக்கொள்ளும். மெதுவான, விடாத இழுப்பு இதற்கு வேண்டும். போத்தல் தருவது அதைத்தான்.

1. போத்தலைக் கழுவுதல்

எண்ணெய்ப் பிசுக்கு போகவேண்டும், இல்லையென்றால் டேப் ஒட்டாது. பாத்திரம் கழுவும் திரவம், ஒரு பிடி பச்சரிசி, வெதுவெதுப்பான தண்ணீர், மூன்றும் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். அரிசி மூலையெல்லாம் தேய்த்துவிடும். கொதிநீர் ஊற்றாதீர்கள், போத்தல் சுருங்கிக் கோணிவிடும். உள்ளே ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் இரண்டு நாள் காயவிடுங்கள். ஏன் என்று மூன்றாவது படியில் தெரியும்.

2. மூடியை அடைத்தல்

என் முதல் போத்தல்களில் மூடிக்கு நடுவே துளை போட்டு, நூலை உள்ளே விட்டு முடிச்சுப் போட்டு, சூடான பசை ஊற்றி அடைத்தேன். பார்க்க அழகு. குட்டையில் விட்ட ஒரு மணி நேரத்தில் இரண்டு போத்தல்கள் பாதி முங்கிக் கிடந்தன. மீன் மாட்டியதென்று ஓடிப்போய் இழுத்தால் உள்ளே தண்ணீர். சித்தப்பா கரையில் உட்கார்ந்துகொண்டு, "ஏன்டா, மீன் பிடிக்க வந்தியா, தண்ணி மொள்ள வந்தியா?" என்றார்.

மூடியைத் துளைக்கவே வேண்டாம். மரையில் டெஃப்லான் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி, மூடியைக் கைக்கு முடிந்த மட்டும் முறுக்குங்கள். போத்தல் வெயிலில் சூடாக இருக்கும்போது மூடாதீர்கள். தண்ணீரில் போனதும் உள்காற்று குளிர்ந்து போத்தலின் விலா ஒட்டிவிடும்.

3. கசிவுச் சோதனை

மூடிய போத்தலை வாளித் தண்ணீரில் போட்டு, மேலே ஒரு செங்கலையோ உரல் குழவியையோ வைத்து இரவு முழுக்க அமுக்கி வையுங்கள். காலையில் எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே ஒரு சொட்டு இருந்தாலும் அந்தப் போத்தல் வேண்டாம். உள்ளே முன்பே ஈரம் இருந்தால் எது கசிந்த தண்ணீர், எது கழுவிய தண்ணீர் என்று எப்படித் தெரியும்? அதற்காகத்தான் இரண்டு நாள் காய்ச்சல்.

4. இரண்டு நிறம்

எனக்கு இதில் மிகப் பிடித்த வேலை இது. நூலைக் கழுத்தில் கட்டுவதால், சும்மா இருக்கும்போது போத்தல் தண்ணீரில் படுத்துக் கிடக்கும். மீன் இழுத்தால் கழுத்து கீழே போய், அடிப்பாகம் வானத்தைப் பார்த்து நிமிரும். அதனால் அடிப்பாகத்தில் கையகலத்துக்குச் சிவப்பு டேப் சுற்றி, அதற்கு மேல் மின்னும் டேப் ஒரு வளையம் போடுங்கள். இருட்டில் கைவிளக்கை அடித்ததும் நேராக நிற்கும் போத்தல் தனியாகத் தெரியும்.

ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கலாமே என்றால், வீட்டு நடைபாதையில் அடித்துப் பாருங்கள், எதிர்வீட்டுப் பாட்டி கதவைத் திறக்குமுன் நீங்கள் உள்ளே ஓடவேண்டியிருக்கும். அந்தப் பெயிண்டும் இரண்டு தடவையில் செதில் செதிலாக உரிந்து குட்டையில் கலக்கும். டேப் போதும்.

போத்தலின் வயிற்றில் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவிடுங்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் போத்தலில் உரிமையாளர் விவரம் இருந்தே ஆகவேண்டும். நல்ல பழக்கம்தான். அடித்துக்கொண்டு போன போத்தல் யாருடையது என்று தெரியவேண்டுமல்லவா?

5. கட்டுதல்

மூடிக்குக் கீழே பிளாஸ்டிக் வளையம் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதற்கும் கீழே, கழுத்தில், கொத்தனார் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி இரட்டை முடிச்சு. முடிச்சின் மேல் டேப். வளையம் தடுப்பதால் நூல் கழன்று மேலே வராது.

நூலின் மறுமுனையில் ஈயக்குண்டைக் கோத்து, அதற்குக் கீழே ஸ்விவலைக் கட்டுங்கள். மீன் உருண்டு புரளும்போது நூல் முறுக்கிக்கொள்ளாமல் இது காக்கும். ஸ்விவலின் அடுத்த கண்ணில் தங்கூசி, அதன் முனையில் முள்.

தங்கூசி முடிச்சு இப்படி: நரம்பை முள்ளின் கண்ணில் நுழைத்து ஒரு சாண் வெளியே இழுங்கள். அந்த முனையைப் பெரிய நரம்பின் மேல் ஆறு சுற்றுச் சுற்றுங்கள். முள்ளின் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை உண்டாகியிருக்கும். முனையை அதில் நுழைத்தால் இப்போது பெரிய வளையம் ஒன்று இருக்கும், அதிலும் நுழையுங்கள். இழுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரப்படுத்துங்கள். காய்ந்த நரம்பை இறுக்கினால் உராய்ந்து சூடேறி அந்த இடத்திலேயே பலம் போய்விடும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஸ்பிரிங் மாதிரி வரிசையாகப் படிந்தால் முடிச்சுச் சரி. ஏறியிருந்தால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.

கடைசியாக, கழுத்திலிருந்தே இன்னொரு நூல், இருபது மீட்டர், கரைக்கு. அமெரிக்கர்கள் படகில் துரத்திப் பிடிப்பார்கள். நமக்குப் படகு ஏது? கரையில் ஒரு குச்சி அடித்து இதைக் கட்டிவிடுங்கள். தொய்வாக இருக்கட்டும், விறைப்பாக இருந்தால் போத்தல் நிமிராது.

6. ஆழமும் இரையும்

கெளுத்தி அடியில் மேயும், இரவில்தான் அதிகம் மேயும். கண்ணைவிட மீசையையும் மோப்பத்தையும் நம்பும் மீன். இரை தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கவேண்டும். ஒரு கல்லை நூலில் கட்டி இறக்கி ஆழம் பாருங்கள், மிச்ச நூலைப் போத்தலின் கழுத்திலேயே சுற்றி ரப்பர் வளையம் மாட்டுங்கள்.

கெலிக்குக் கோழி ஈரல். வெறும் ஈரல் முள்ளில் நிற்காது, வழிந்துவிடும். முந்தின இரவு உப்புத் தடவி வைத்தால் தோல்போல இறுகும், தையல் நூலால் நாலு சுற்றுச் சுற்றிவிடுங்கள். பாத்தினுக்கு அந்தப் பாடே வேண்டாம். பழுத்து உதிர்ந்த செம்பனைப் பழம் ஒன்றைக் குத்திவிட்டால் போதும், தோட்டத்தில் அதற்கா பஞ்சம்! எந்த இரையானாலும் முள்ளின் கூரை மூடாமல் குத்துங்கள்.

7. விடுதலும் எடுத்தலும்

பொழுது சாயும்போது விடுங்கள். அரைமணிக்கு ஒருதரம் விளக்கடித்துப் பாருங்கள். விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மாட்டிய மீன் இரவெல்லாம் கிடந்து சாகும், ஆமையோ நீர்ப்பறவையோ மாட்டினாலும் உங்களுக்குத் தெரியாது.

போத்தல் நிமிர்ந்து, குதித்து, நகர்ந்தால் உடனே இழுக்கவேண்டாம். பெரிய மீன் போத்தலையே முக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் எழுப்பும். நாலைந்து நிமிடம் அதன் போக்கில் விட்டுக் களைக்கவையுங்கள். பிறகு கரைநூலை மெதுவாக இழுங்கள். நூலை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். கரைக்கு வந்ததும் கைவலையை அடியில் கொடுத்துத் தூக்குங்கள்.

பாத்தினுக்கு முதுகில் ஒன்றும் இரண்டு விலாவிலும் ஒவ்வொன்றுமாக மூன்று முட்கள், விறைத்து நிற்கும். கெலிக்கு விலாவில் மட்டும் இரண்டு. ஈரத்துணியால் பிடித்து, விலா முட்களுக்குப் பின்னே விரல் போகுமாறு பிடியுங்கள். நம் கடலில் கிடைக்கும் செம்பிலாங் என்ற கடல் கெளுத்திக்கு அந்த முள்ளில் விஷமே உண்டு. குத்தினால் கை தாங்குமளவு சூடான தண்ணீரில் குத்திய இடத்தை முக்கிவைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

கெலியைப் போடும் வாளிக்கு மூடி வேண்டும், மூடிமேல் கல்லும் வேண்டும். அதற்குக் காற்றை நேராக மூச்சிழுக்கும் உறுப்பு இருப்பதால் தண்ணீர் இல்லாமலும் நெடுநேரம் தாங்கும், ஊர்ந்தும் போகும். போன தடவை கல்லை மறந்துவிட்டேன். நாலில் ஒன்றைச் சித்தி காலையில் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

வீடு திரும்புமுன் முட்களைக் கழற்றித் தனி டப்பாவில் போடுங்கள். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் காஸ்வேயில் காரின் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னால், ஆறு எண்ணெய்ப் போத்தலை விளக்குவதே பெரும்பாடு.