துணிக்கு முன்னால் கேப்சூல்
வாஷிங் மெஷினில் துணி போடும் முன்பே சோப்புக் கேப்சூலைப் போட்டு, டப்பாவை டக்கென்று மூடி மேல் அலமாரியில் வைத்துவிடுங்கள். அப்புறம் மூடலாம் என்று விடும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் குழந்தையின் கை டப்பாவுக்குள் போகும். கேப்சூலின் மேலுறை தண்ணீரில் கரைவதற்கென்றே செய்தது. எச்சில் பட்டாலே இளகும். அழுத்தினால் உள்ளிருக்கும் அடர்த்தியான திரவம் கண்ணிலோ தொண்டையிலோ பீய்ச்சியடிக்கும். பார்க்கவும் ஜெல்லி மிட்டாய் மாதிரி இருக்கிறது, குழந்தையைக் குறை சொல்ல முடியாது!

மெஷினின் சோப்புத் தட்டில் போடும் லிக்விடுக்கும் தூளுக்கும் இந்த வரிசை பொருந்தாது. மூடி, உயரம் இரண்டும் அதற்கும் வேண்டும். ஏற்கெனவே வாயில் போட்டுவிட்டால் இந்தக் குறிப்பு உதவாது: வாந்தி எடுக்க வைக்காமல், வாயைத் துடைத்து உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். கண்ணில் பட்டிருந்தால் முதலில் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.