பிஎச்டி நேர்முகத் தேர்வில் நம் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

கேட், நெட், ஜெஸ்ட் என்று தேசிய அளவிலான தகுதித் தேர்வு ஏதாவது ஒன்றில் நல்ல மதிப்பெண் வந்ததுமே பிஎச்டி சீட் கிடைத்த மாதிரிதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெங்களூரு ஐஐஎஸ்சி, மும்பை டிஐஎஃப்ஆர், தரமணி ஐஎம்எஸ்சி, ஐஐடி மெட்ராஸ் போன்ற ஆய்வு நிறுவனங்களில் அந்த மதிப்பெண் பெரும்பாலும் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வாங்கித் தருவதோடு சரி. மற்றப் பல்கலைக்கழகங்களிலும் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2024 மார்ச்சில் அறிவித்த முறைப்படி, ஜேஆர்எஃப் எனும் ஆய்வு உதவித்தொகை கிடைக்காமல் பிஎச்டி சேர்க்கைக்குத் தகுதி பெற்றவர்களுக்கு நெட் மதிப்பெண் 70 விழுக்காடு, நேர்முகத் தேர்வு 30 விழுக்காடு.

பெரும்பாலான நேர்முகத் தேர்வுக் குழுக்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பாடத்தில் கேட்கலாம்?" கவனமாக இருக்க வேண்டிய இடமே இதுதான். கெத்தாக இருக்கட்டும் என்று பலர் குவாண்டம் மெக்கானிக்ஸ் என்பார்கள், அல்லது மெஷின் லேர்னிங் என்பார்கள். நீங்கள் பெயர் சொன்ன பாடத்தில் எவ்வளவு ஆழத்துக்கும் தோண்டலாம் என்று நீங்களே அனுமதி கொடுத்துவிட்டீர்கள்.

அந்தத் தோண்டல் எப்படி இருக்கும்? இரண்டு பக்கமும் சுவர் உள்ள பெட்டிக்குள் ஒரு துகள், தரைநிலையில், அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையில் இருக்கிறது. அதன் நிலையை விவரிக்கும் அலைச்சார்பை வரையச் சொல்வார்கள், எல்லோரும் வரைந்துவிடுவார்கள். "சரி, ஒரு சுவரைச் சட்டென்று நகர்த்திப் பெட்டியை இரு மடங்கு நீளமாக்கிவிட்டேன். இப்போது?" இங்கே மார்க்கர் நின்றுவிடும். துகள் புதிய பெட்டியின் தரைநிலைக்குப் போய்விடும் என்று பலர் சொல்வார்கள். போகாது. சுவர் நகர்ந்த அந்தக் கணத்தில் அலைச்சார்பு பழையபடியேதான் இருக்கிறது. அதைப் புதிய பெட்டியின் நிலைகளின் கூட்டாக எழுதிப் பார்க்க வேண்டும். ஆற்றலை அளந்தால் புதிய தரைநிலையில் கிடைக்க ஏறத்தாழ 36 விழுக்காடு வாய்ப்பு; சராசரி ஆற்றலில் மாற்றமில்லை. இந்த எண் யாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "அலைச்சார்பு உடனே மாறாது" என்கிற முதல் வரியைப் பிடித்தாலே பாதி வேலை முடிந்தது. கணிதத்திலும் இதே கதைதான்: மெய்யெண்களால் ஆன ஒவ்வொரு அணிக்கும் மெய்யான ஐகன் மதிப்பு (ஒரு திசையனைத் திசை திருப்பாமல் அணி எத்தனை மடங்காக்குகிறது என்கிற எண்) ஒன்றாவது இருக்குமா? இரண்டுக்கு இரண்டில் 90 பாகை சுழற்றும் அணிக்கு இல்லை. மூன்றுக்கு மூன்றில் கட்டாயம் உண்டு, ஏனென்றால் அங்கே வருவது மூன்றாம் படிச் சமன்பாடு; அதற்கு மெய்யான தீர்வு ஒன்றாவது இருந்தே தீரும். இளநிலைப் பாடம்தான். ஆனால் இப்படி யாரும் திருப்பிப்போட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே புதிய ஆய்வுக் கட்டுரைகளை அள்ளிக்கொண்டு படிப்பதைவிட, இளநிலையில் படித்த இரண்டு பாடங்களை எடுத்து, ஒவ்வொரு தேற்றத்திலும் "இந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் என்ன உடையும்?" என்று கேட்டுப் பழகுவது பலமடங்கு பலன் தரும்.

அடுத்தது மௌனம். நம் வகுப்பறைகளில் விடை தெரிந்தால்தான் வாயைத் திறக்க வேண்டும் என்று பழகிவிட்டோம். நேர்முகத் தேர்வில் நீங்கள் ஐந்து நிமிடம் பேசாமல் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது; தெரியாதபோது குறிப்பும் கொடுக்க முடியாது. "ஆற்றல் மாறாமை வழியாகப் போகலாம் என்று பார்க்கிறேன் சார், ஆனால் இங்கே உராய்வு இருக்கிறதே" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் பாருங்கள், அவர்களே ஒரு நூலை எடுத்துக் கொடுப்பார்கள். அதைப் பிடித்துக்கொள்வதும் திறமையாகவே கணக்கில் வரும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. "ஆர் யூ ஷ்யூர்?" என்று ஒருவர் கேட்டதும் சரியான விடையைக்கூட மாற்றிச் சொல்லிவிடுவது. அந்தக் கேள்விக்கு "தப்பு" என்று அர்த்தமில்லை, காரணம் சொல் என்றுதான் அர்த்தம். காரணத்தைச் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போதே உடைந்தால் அப்போது மாற்றிக்கொள்ளலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் ஒன்றும் குறைவில்லை. பூசி மெழுகுவது அடுத்த கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

எம்எஸ்சி புராஜெக்ட் பற்றி ஒரு வார்த்தை. பயோடேட்டாவில் நீங்களே எழுதியதை விளக்க முடியாமல் போவதுதான் இருப்பதிலேயே வருத்தமான காட்சி. "பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) செய்தேன், ஜெல்லில் பேண்ட் வந்தது." அது உங்கள் ஜீன்தான் என்று எப்படித் தெரியும்? டிஎன்ஏ சேர்க்காத கன்ட்ரோல் வைத்தீர்களா? "மாடல் 98 விழுக்காடு துல்லியம்." நூற்றில் 98 பேர் நோயில்லாதவர்களாக இருக்கும் தரவில், யாரைப் பார்த்தாலும் "நோயில்லை" என்று சொல்லும் மாடலுக்கும் அதே 98 வந்துவிடுமே? வழிகாட்டி சொன்னதைச் செய்தேன் என்பது உண்மையாகவே இருக்கலாம், விடையாக எடுபடாது. நீங்கள் செய்யாத பகுதி என்றால் பயோடேட்டாவிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

ஆங்கிலம் குறித்த பயம் பலருக்கும் இருக்கிறது. கேள்விகள் ஆங்கிலத்தில்தான் வரும். ஆனால் இலக்கணப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பதற்காக யாரும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள், பலகையில் ஒரு படம், போதும். யூடியூபில் பார்த்து உருப்போட்ட சுய அறிமுகத்தைத்தான் விட்டுவிட வேண்டும். இரண்டாவது வரியில் யாராவது குறுக்கிட்டால் மொத்தமும் மறந்துபோகும்.

பேராசிரியரின் கட்டுரைத் தலைப்பை மட்டும் படித்துவிட்டு "உங்கள் வேலை எனக்குப் பிடிக்கும்" என்று சொல்வதும் வேண்டாம். எது பிடித்தது என்று கேட்பார்கள்.

இணைய வழியில் நடந்தால், நீங்கள் எழுதுவது அவர்களுக்குத் தெரிய வேண்டும். மொபைல் கேமரா தாளைப் பார்த்தபடி இருக்க அதை எங்கே நிறுத்துவது என்று முந்தைய நாளே ஒரு நண்பரை அழைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

கடைசியாக, கணக்குக்கும் அறிவியலுக்கும் சம்பந்தமில்லாத ஒன்று. தமிழ்நாட்டில் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறது, போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம். மத்திய அரசு நிறுவனங்களின் ஓபிசி இட ஒதுக்கீட்டுக்கு அது செல்லாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயரில் (ஓபிசியில் வசதி படைத்த பிரிவு) வராதவர் என்று குறிப்பிடும் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். பொதுவாக அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதைத்தான் கேட்பார்கள். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இருக்கும் என்றும் இல்லை. முதலில் அதைப் பாருங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, தாசில்தார் அலுவலகம் வரை போய் வர நாளாகும் என்பதால், நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரும் வரை காத்திருக்காமல் ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.