குல்மர்க் பனி முன்னறிவிப்பை வாசிப்பது எப்படி?

காஷ்மீரின் குல்மர்க்கில் பனிச்சறுக்குக்குத் திட்டமிடுபவர்கள் வானிலைச் செயலியைத் திறந்ததும் தேடுவது "நாளை 40 செ.மீ. பனி" என்ற எண்ணைத்தான். முன்னறிவிப்பில் நம்பகம் மிகக் குறைந்த எண் அது. எத்தனை மில்லிமீட்டர் நீர் விழும் என்பதைத்தான் கணினி மாதிரி கணிக்கிறது. அதை ஒரு விகிதத்தால் பெருக்கிப் பனி ஆழமாகக் காட்டுவது பெரும்பாலும் செயலியின் வேலை. பிழை அந்த விகிதத்தில் நுழைகிறது. அதனால் நீரளவு, உறைநிலை உயரம் (வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரியாகும் உயரம்), காற்று என்ற மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள். சென்டிமீட்டர் கணக்கை நீங்களே போடலாம்.

முதலில் மலையின் உயரங்கள் மனதில் இருக்கட்டும். குல்மர்க் ஊர் 2,650 மீட்டர். கோண்டோலா எனும் கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம் முடியும் கொங்டூரி 3,000 மீட்டருக்குச் சற்று மேலே. இரண்டாம் கட்டம் அபர்வத் மலைத்தோளில் ஏறத்தாழ 3,950 மீட்டரில் கொண்டுபோய் விடுகிறது. ஊருக்கும் உச்சி நிலையத்துக்கும் 1,300 மீட்டர் வித்தியாசம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஆகவே ஊருக்கான முன்னறிவிப்பை மட்டும் பார்த்துவிட்டு மேலே போவது பாதி வானிலையைப் பார்த்த மாதிரிதான். உயரத்தைத் தேர்ந்தெடுக்க வழியுள்ள தளத்தில் கீழ், நடு, மேல் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். கணினி மாதிரிகள் நிலத்தைப் பிரித்துக் கணக்கிடும் சதுரங்கள் பல கிலோமீட்டர் அகலமானவை. அவற்றில் மலை உண்மையைவிடத் தட்டையாக இருக்கும். எனவே உயரம் குறிப்பிடாத எண்ணை நம்ப வேண்டாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 24 மணி நேரத்தில் 30 மி.மீ. நீர், உறைநிலை உயரம் 2,700 மீட்டர். பனி உருகாமல் விழும் எல்லை பொதுவாக உறைநிலைக்கு 200 முதல் 300 மீட்டர் கீழே இருக்கும். எனவே ஊரில் பனிதான் விழும், ஆனால் ஈரமாக. ஒரு மி.மீ. நீருக்கு அரை செ.மீ. முதல் முக்கால் செ.மீ. வரை என்று வைத்தால் 15 முதல் 22 செ.மீ.; அதுவும் விழுந்த வேகத்தில் அமுங்கும். உச்சியில் வெப்பநிலை மைனஸ் 8 அளவில் இருக்கும். அங்கே ஒரு மி.மீ. நீர் 1.2 முதல் 1.5 செ.மீ. பனியாகும்: 36 முதல் 45 செ.மீ. உறைநிலை 500 மீட்டர் உயர்ந்தால் அதே புயல் ஊரில் மழையாகக் கொட்டும். நீரளவு மாறாமலே இது நடக்கும் என்பதால்தான் உறைநிலை உயரத்தை ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்கிறோம்.

காஷ்மீரின் குளிர்காலப் பனியைக் கொண்டுவருபவை மேற்கத்திய இடையூறுகள். மத்தியதரைக் கடல் பக்கம் தொடங்கி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் தாழ்வழுத்த அலைகள் இவை. வருவதற்கு முன் மேகம் மூடி இரவு வெப்பநிலை உயரும், காற்று தென்மேற்கிலிருந்து வீசும். கடந்துபோனதும் வடமேற்குக் காற்றும் தெளிந்த வானமும் கடுங்குளிரும் வரும். ஏழெட்டு நாள் முன்பே ஓர் இடையூறு வரைபடத்தில் தெரிந்தால் அதை வாய்ப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அளவை மூன்று நாளுக்குள் வந்த பிறகு பாருங்கள். அமெரிக்க மாதிரியும் ஐரோப்பிய மாதிரியும் அடுத்தடுத்துப் புதிதாகக் கணிக்கும்போதும் ஒரே நேரத்தையும் ஏறக்குறைய ஒரே நீரளவையும் காட்டினால் நம்பலாம். ஒன்று 10 மி.மீ., மற்றது 45 மி.மீ. என்றால் சராசரி எடுக்காதீர்கள்; இன்னும் தீர்மானமாகவில்லை என்று பொருள். ஸ்ரீநகர் வானிலை மையத்தின் அறிவிப்பையும் சேர்த்துப் பாருங்கள். மாதிரி வரைபடங்களில் நேரம் உலகப் பொது நேரமாக இருக்கலாம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் வீசும் காற்று புதிய பனியை அள்ளி மலையின் மறுபக்கத்தில் கொட்டத் தொடங்கும். மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு கோண்டோலா இருக்கும் பக்கம்தான் மறைவுப் பக்கம். மேட்டில் பாறை தெரிய, பள்ளத்தில் இரண்டு மடங்கு பனி கிடக்கும். அந்தக் குவியல் பலகைபோல இறுகி, கீழிருக்கும் அடுக்கோடு ஒட்டாமல் நிற்கும். இரண்டாம் கட்டக் கோண்டோலா நிறுத்தப்படுவதற்குக் காற்று ஒரு முக்கியக் காரணம். பெரும் பனிக்குப் பிறகு, சறுக்குத் தளத்தின் பாதுகாப்பைக் கவனிக்கும் ரோந்துக் குழு சரிவுகளைச் சோதித்து முடிக்கும்வரையும் அது திறக்காது. ஆகவே புயல் முடிந்த மறுநாள் காலையே மேலே போய்விடலாம் என்று கணக்குப் போடாமல், ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பனி நிலவர அறிக்கையில் "புதிய பனி", "மொத்த ஆழம்" என இரண்டு எண்கள் இருக்கும். எந்த உயரத்தில், எந்த மணிக்கு அளந்தார்கள் என்று கேளுங்கள். ஊரில் அளந்த 20 செ.மீ. உச்சியைப் பற்றி எதுவும் சொல்லாது.

மொத்த ஆழம் குறைவாக இருப்பது பாறையில் இடிபடும் அபாயத்தோடு முடிவதில்லை. டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிர்க் காலமான சில்லை கலானில் வானம் தெளிந்தே கிடந்தால், மெல்லிய பனிப்படுகையின் அடிப்பகுதி வெதுவெதுப்பாகவும் மேற்பரப்பு கடுங்குளிராகவும் இருக்கும். இந்த வித்தியாசத்தில் அடிப்பனி சர்க்கரைப் பரல்போல ஒட்டாத மணிகளாக மாறிவிடும். பிறகு வரும் பெரும்பனி அதன் மேல்தான் உட்காரும். 2024-ல் ஜனவரி பெரும்பகுதி வறண்டு, மாத இறுதியில்தான் பனி வந்தது. பிப்ரவரி 22-ல் குல்மர்க்கில் பனிச்சரிவில் ஒரு ரஷ்யச் சறுக்கு வீரர் இறந்தார். வறண்ட ஜனவரிக்குப் பின் வரும் முதல் பெரும்பனியைச் சறுக்குபவர்கள் கொண்டாடுவார்கள். நீங்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய நேரமும் அதுவே. இந்தப் பலவீன அடுக்கு வாரக்கணக்கில் நீடிக்கும்.

பனிச்சரிவு எச்சரிக்கையைச் சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறையின் டி.ஜி.ஆர்.இ. ஆய்வு நிறுவனம் வெளியிடுகிறது. குல்மர்க் பாரமுல்லா மாவட்டத்தில் இருக்கிறது. எச்சரிக்கையில் அந்த மாவட்டத்துக்கான வரியைப் பாருங்கள். எச்சரிக்கை மாவட்டத்துக்குப் பொதுவானது, நீங்கள் இறங்கப்போகும் சரிவைத் தனியே சொல்லாது. ஐந்து நிலைகளில் மூன்றாவதை "நடுத்தரம்" என்று எண்ணி ஏமாற வேண்டாம். மனிதர் ஒருவரின் எடையே பனிச்சரிவைக் கிளப்பிவிடக்கூடிய நிலை அது. 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடங்களில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் கிளம்புகின்றன. காலடியில் "வும்ப்" என்று பனி அமுங்கும் ஓசை கேட்டாலோ, சறுக்குப் பலகையிலிருந்து விரிசல் ஓடினாலோ, அன்று செங்குத்தான சரிவு வேண்டாம். ரோந்துக் குழு கட்டிய கயிற்றுக்கு அப்பால் போவதென்றால் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், தோண்ட மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், உள்ளூர் வழிகாட்டியும் வேண்டும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் கால் மணி நேரத்துக்குப் பிறகு வேகமாகச் சரியும். வெளியிலிருந்து உதவி அதற்குள் வந்து சேராது.

மார்ச்சில் கணக்கு மாறும். இரவில் உறைநிலைக்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். போனால் காலையில் கெட்டி ஓடு, வெயில் ஏறியதும் மேற்பரப்பு இளகி அருமையான சறுக்கல், பிற்பகலில் முழங்கால்வரை சேறுபோன்ற ஈரப்பனி. கிழக்குச் சரிவுகள் முதலில் இளகும், வடக்குச் சரிவுகள் கடைசியில். இரவு முழுக்க மேகம் மூடி உறையவே இல்லையென்றால் காலையிலேயே ஈரப் பனிச்சரிவு கிளம்பலாம். அன்று செங்குத்தான இடங்களை விட்டுவிடுங்கள்.

அடிவார ஊரான டங்மர்க்கிலிருந்து குல்மர்க்குக்கு ஏறும் மலைச்சாலையையும் இதே கணக்கில் சேருங்கள். அது குல்மர்க்கைவிடத் தாழ்வு என்பதால் மேலே பனி கொட்டும்போது அங்கே மழையோ ஈரப்பனியோ விழும். இரவில் அது கண்ணாடிப் பனியாக இறுகும். சக்கரச் சங்கிலி கட்டிய வண்டியையோ நான்கு சக்கர இயக்க வண்டியையோ முன்கூட்டியே பேசி வைத்து, புயல் தொடங்குவதற்கு முந்தைய நாளே மேலே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.