குடும்ப ரகசியத்தை வைத்து சாகச நாவல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த வகைக் கதை முதலில் சறுக்கும் இடம் வயதுக் கணக்கு. ஜப்பான்காரன் வரப்போகிறான் என்ற பீதியில் 1942 ஏப்ரலில் சென்னையே காலியானபோது, மயிலாப்பூர் வீட்டுக் கொல்லையில் எதையோ புதைத்தார்கள் என்று வையுங்கள். அதைப் பார்த்த பத்து வயதுச் சிறுமிக்கு 2025-ல் 93 வயது. புதைத்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. ரகசியம் யார் வாய்வழியாக, எந்த ஆண்டில் கைமாறியது என்பது தெளிவாக வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பிறந்த ஆண்டு, சம்பவத்தன்று வயது, இன்றைய வயது என்று ஒரு தாளில் கட்டம் போட்ட பிறகே முதல் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.

அடுத்தது, பரணில் கிடைக்கும் ஒரே கடிதம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. சஸ்பென்ஸ் அங்கேயே செத்துவிடும். துப்பு மூன்று கைகளில் பிரிந்து கிடக்கட்டும்: மூலப்பத்திரம் ஒருவரிடம், வில்லங்கச் சான்றில் ஒரு பெயர், அத்தை சொல்லும் அரைகுறை நினைவு. ஒவ்வொன்றும் முதல் வாசிப்பில் தவறான ஆளைக் காட்ட வேண்டும். ஆனால் சரியான பொருளும் அதே வரிகளில் ஒளிந்திருக்க வேண்டும். பின்னால் புரட்டிப் பார்க்கும் வாசகர் ஏமாந்ததாக நினைக்கக் கூடாது.

கடிதத்தின் காலத்தையும் சோதியுங்கள். 1965 தேதியிட்ட உறையில் பின்கோடு இருந்தால் தப்பு. அது 1972-ல்தான் வந்தது. அன்று 'சென்னை-4' என்றுதான் எழுதினார்கள். அதே கடிதத்தில் இன்றைய 'லை', 'னை' வடிவங்கள் இருந்தாலும் சந்தேகம் எழும். அரசு அவற்றை ஏற்றது 1978-ல். அதற்கு முன் துதிக்கை போன்ற கொம்பு சேர்ந்த பழைய வடிவமே வழக்கம். ஆனால் பெரியாரின் 'குடி அரசு' 1935-லேயே புதிய எழுத்துகளில் அச்சானது. ஆகவே 1950-ல் ஆசாரமான தாத்தா அந்த எழுத்தில் எழுதியிருந்தால், அவர் வீட்டுக்குத் தெரியாமல் எங்கே போய்வந்தார் என்ற கேள்வி பிறக்கிறது. நாவலுக்கு இதைவிட நல்ல துப்பு வேண்டுமா?

புதையலைத் தோண்டியதும் கதை முடிந்தது என்று விட்டுவிடுவதும் பெரிய இழப்பு. மண்ணில் கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறு ஆண்டுகளுக்குள் தன் முன்னோர் புதைத்தது என்று ஒருவர் உரிமை கோரலாம். 1942 அந்த எல்லைக்குள் வருகிறது. கோரினால் யார், ஏன் புதைத்தார்கள் என்று சொல்லியாக வேண்டும், மறைத்தால் குற்றம். கதாநாயகியை இந்த இடத்தில் நிறுத்தினால் துரத்தல் காட்சியே தேவைப்படாது.

எண்பது ஆண்டு மூடி வைக்க இன்றும் ஒரு காரணம் வேண்டும். 'குடும்ப மானம்' மட்டும் போதாது. உண்மை வெளிவந்தால் இன்று யாருடைய வீடு கைவிட்டுப் போகும்? தாத்தாவின் இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளுக்கும் அவர் பங்கில் உரிமை உண்டு என்றால், பெரியப்பா பெட்டிச் சாவியை ஏன் யாருக்கும் தருவதில்லை என்பது விளங்கும்.