சிவப்பு பீன்ஸ் பெரட்டல் எங்கே கெடுகிறது?

மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் வரிசையில் பாதி வீட்டில் சைவம்தான். சோற்றுக்கும் தோசைக்கும் சேர்த்து ஒரே சட்டியில் சிவப்பு பீன்ஸ் பெரட்டல், மேலே ஒரு பிடி தழை. சுலபமான கறி என்பதால்தான் ஆளாளுக்கு ஏனோதானோவென்று செய்கிறோம்.

முதல் கோளாறு கடையிலேயே நடந்துவிடும். மலாயில் ‘கச்சாங் மேரா’ (சிவப்பு பீன்ஸ்) என்று கேட்டால், ஐஸ் கச்சாங் என்ற துருவிய ஐஸ் இனிப்பில் போடும் சின்னச் சிவப்புப் பயறைக் கட்டித் தந்துவிடுவார்கள். கறிக்கு வேண்டியது சிறுநீரக வடிவில் இருக்கும் பெரிய கொட்டை. டப்பாவின் அடியில் வருஷக்கணக்கில் கிடந்ததும் ஆகாது. நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பழசாகிப்போன பீன்ஸ், எத்தனை விசில் விட்டாலும் நடுவில் கல்லாகவே நிற்கும்.

அரைவேக்காடு ருசியை மட்டும் கெடுப்பதில்லை, ஆளையே படுக்க வைத்துவிடும். பச்சைச் சிவப்பு பீன்ஸில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சு உண்டு. வேகாத கொட்டை நாலைந்து போதும், 1 முதல் 3 மணி நேரத்தில் குமட்டல், வாந்தி, பின்னாலேயே வயிற்றுப்போக்கு. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று 10 நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். 30 நிமிடம் என்றால் கவலையே இல்லை. ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் ஐஸ்பெட்டியில் வையுங்கள், வெளியே வைத்தால் விடிவதற்குள் நுரைத்துப் புளித்திருக்கும்.

காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு) கிளம்பும் அவசரத்தில், ஊறின பீன்ஸை அப்படியே ஸ்லோ குக்கரில் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 80 டிகிரி சுற்றில் மெல்லச் சூடாகிக்கொண்டிருந்தால் நச்சு அழியாது, கூடவும் செய்யலாம். பிரஷர் குக்கருக்கு அந்தப் பயமில்லை. டின் பீன்ஸ் ஏற்கெனவே வெந்தது.

உப்பை முதலில் போட்டால் வேகாது என்று பாட்டி சொன்னதை நானும் வெகுநாள் நம்பினேன். உண்மையில் ஊறும் தண்ணீரிலேயே கொஞ்சம் உப்புப் போட்டால் தோல் இளகும். வேகவிடாமல் தடுப்பது புளியும் தக்காளியும்தான். பீன்ஸை விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், அதன் பிறகே புளிப்பு. சீக்கிரம் வேகட்டுமென்று ஆப்பச் சோடாவை அள்ளிப் போட்டால் கூழாகிவிடும், சவுக்கார வாடையும் வரும்.

தழையைத்தான் நாம் அதிகம் வதைக்கிறோம். பீன்ஸ் ஒரு மணி நேரம் தாங்கும், மல்லித்தழை ஒரு நிமிடம் தாங்காது. கறிவேப்பிலையை ஈரம் போகத் துடைத்து, தாளிக்கும் எண்ணெயில் போடுங்கள். மல்லித் தண்டைப் பொடியாக நறுக்கி வெங்காயத்தோடு வதக்கலாம், மணமே அதில்தான் இருக்கிறது. இலையை அடுப்பை அணைத்த பிறகுதான் தூவ வேண்டும். புதினா கொதித்தால் கறுத்துக் கசக்கும், அதுவும் கடைசியில்தான், அளவாக.

என்னைக் கேட்டால் புதினாவைவிட கெசும், அதாவது லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பில் போடும் வாசனை இலை, நல்லது. குழாயடி ஈரத்தில் ஒரு கொம்பை ஊன்றினால் தானாகப் படரும். லக்சாவுக்கு மட்டும்தான் என்று ஒதுக்காமல், நாலைந்து இலையை மெல்லிசாக அரிந்து கடைசியில் போட்டுப் பாருங்கள். புளி சேர்ந்த கறிக்கு அந்தக் காரமணம் அப்படிப் பொருந்தும்.

மிச்சத்தை மறுநாள் தோசைக்குச் சூடு பண்ணும்போது நேற்றைய தழையை நம்பாதீர்கள், புதிதாக ஒரு கிள்ளு நறுக்கிக்கொள்ளுங்கள்.