எலும்புக்கு நானோ இழைச் சாரம்: ஆய்வகத்தில் எங்கே சறுக்குகிறோம்?

கட்டடம் எழும்பக் கொத்தனாருக்குச் சாரம் கட்டுவது போல, எலும்பு செல்கள் பிடித்து ஏறவும் ஒரு சாரம் வேண்டும். அதைப் பெரும்பாலும் எலக்ட்ரோஸ்பின்னிங் முறையில்தான் செய்கிறோம். ஊசிமுனையில் பல ஆயிரம் வோல்ட் கொடுத்தால் பாலிமர் (பிளாஸ்டிக், ஜெலட்டின் போன்ற நீள் மூலக்கூறுப் பொருள்) கரைசல் மெல்லிய இழையாகப் பறந்து போய்த் தகட்டில் படியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் உடலின் கொலாஜன் என்ற புரத இழைப் பின்னலைப் போலவே இருக்கும்.

அந்தப் படத்தில் மயங்குவதுதான் முதல் சறுக்கல். இழை மெலிய மெலிய இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் சுருங்கிச் சில மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மிஞ்சும். செல்லோ பத்து, இருபது மைக்ரான் இருக்கும். அது எப்படி உள்ளே நுழையும்? மேலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். எலும்பும் ரத்தக் குழாயும் உள்ளே வளரக் குறைந்தது 100 மைக்ரான் துளை வேண்டும், 300 இருந்தால் இன்னும் நல்லது. நீரில் கரையும் பாலிஎத்திலீன் ஆக்சைடு இழையையும் சேர்த்து நூற்றுப் பிறகு கழுவி எடுத்தால் இடைவெளி கூடும். உப்புத் துகள் கலந்து கரைப்பதும் உண்டு. மேலிருந்து எடுத்த படம் போதாது. குறுக்கே வெட்டிப் பார்த்தால்தான் செல் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரியும்.

அடுத்தது, நல்ல ஆய்வாளர்களையும் ஏமாற்றும் அலிசரின் சிவப்புச் சாயம். செல் எலும்புத் தாதுவைப் படியவைத்ததா என்று பார்க்க இதைப் போடுகிறோம்; இது கால்சியத்தைச் சிவப்பாகக் காட்டும். ஆனால் இழையிலேயே ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பில் உள்ள கால்சியம் பாஸ்பேட் தாது) கலந்திருந்தால் அதுவும் கால்சியம்தானே! ஒரு செல்கூட இல்லாமலே தட்டு சிவந்துவிடும். செல்லை வளர்க்கும் ஊட்டக் கரைசலான வளர்ப்பு ஊடகத்தில், பாஸ்பேட்டுக்காகச் சேர்க்கும் பீட்டா கிளிசரோபாஸ்பேட் அதிகமானாலும் கால்சியம் பாஸ்பேட் தானாகப் படியக்கூடும். அதனால் செல் போடாத சாரத்தையும் அதே ஊடகத்தில், அதே நாட்கள் வைத்துச் சாயம் ஏற்றி, அந்த அளவைக் கழித்துவிடுங்கள். இந்த ஒப்பீடு இல்லாத சிவப்புப் படத்தை நான் நம்புவதில்லை.

ஹைட்ராக்ஸிஅபடைட்டை அள்ளிப் போட்டால் நல்லது என்று நினைப்பதும் தப்புக்கணக்கு. துகள்கள் கட்டிதட்டி ஊசி அடைக்கும், இழையும் நொறுங்கும்.

கிருமிநீக்கத்துக்கு ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவிக் கலன்) வேண்டவே வேண்டாம். இழைக்கு அதிகம் பயன்படும் பாலிகாப்ரோலாக்டோன் என்ற பாலிமர் 60 டிகிரியிலேயே உருகும், ஆட்டோகிளேவோ 121 டிகிரி. இழையெல்லாம் உருகி ஒட்டிப்போகும். எத்திலீன் ஆக்சைடு வாயு சரிவரும், ஆனால் வாயு முழுக்க வெளியேற நேரம் கொடுங்கள். பாலிமரைக் கரைக்கப் பயன்படுத்திய குளோரோஃபார்ம் போன்ற கரைப்பானுக்கும் இதே கதைதான். மிச்சம் இருந்தால் செல் செத்துப்போகும், பழி பாலிமர்மேல் விழும்.

ஜெலட்டின் இழையைக் குறுக்கிணைப்பு (மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைப்பது) செய்யாமல் 37 டிகிரி ஊடகத்தில் போட்டால் கரைந்தே போகும். குளூட்டரால்டிஹைடு கொண்டு இணைத்தால் எஞ்சியதைக் கழுவியாக வேண்டும், அது நச்சு. அப்புறம் வலிமைச் சோதனை: உலர்ந்த துண்டை இழுத்து எண் வாங்கினால் போதாது, 37 டிகிரி உப்புக் கரைசலில் ஊறவைத்தும் இழுத்துப் பாருங்கள். அந்த எண் எவ்வளவு நன்றாக வந்தாலும், இந்த மெல்லிய பாயைத் தொடை எலும்பு மாதிரி எடை தாங்கும் இடத்தில் தனியாக வைக்க முடியாது.