வீட்டுத் தொலைக்காட்சியைக் கணினி விளையாட்டுக்கான திரையாக மாற்றும் முறை

கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக் கணினியின் மொனிட்டர் பழுதானபோது, விறாந்தையில் இருந்த 32 அங்குலத் தொலைக்காட்சியையே அதற்குப் பதிலாகப் பயன்படுத்த முடிவு செய்தேன். கேபிளைச் செருகுவது ஐந்து நிமிட வேலை. அது விளையாடத் தகுந்த திரையாக மாறுவதற்கு இரண்டு வாரங்கள் சென்றன.

படத்தையும் ஒலியையும் கொண்டு செல்லும் எச்.டி.எம்.ஐ. கேபிளை மதர்போர்டில் (கணினியின் தாய்ப்பலகையில்) உள்ள துளையில் அல்லாமல், படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டில் உள்ள துளையிலேயே செருக வேண்டும். பின்னர் விண்டோஸ் அமைப்பில் 1920×1080 புள்ளிகள், 60 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 60 படங்கள்) என்பதைத் தெரிவு செய்யுங்கள். 4கே (3840×2160 புள்ளிகள்) தொலைக்காட்சியாயின் கணினி, தொலைக்காட்சி இரு பக்கமும் எச்.டி.எம்.ஐ. 2.0 இருக்க வேண்டும், 1.4 ஆயின் 4கே அளவில் 30 ஹேர்ட்ஸ் மட்டுமே கிடைக்கும், அது விளையாட்டுக்குப் போதாது.

டாஸ்க்பார் விளிம்புக்கு வெளியே போய்விட்டால் அஞ்ச வேண்டாம். பழைய குழாய்த் தொலைக்காட்சிக் காலத்து வழக்கப்படி, படத்தைச் சற்றுப் பெருப்பித்து ஓரங்களை வெட்டிவிடும் பழக்கம் இன்றைய தொலைக்காட்சிகளிலும் தொடர்கிறது. அதை நிறுத்தும் தெரிவு எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்' என்றும், சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்றும், பழைய சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்' என்றும் இருக்கும். கிராபிக்ஸ் கார்டின் மென்பொருளில் படத்தைச் சுருக்கியும் இதைச் சரிசெய்யலாம் என்பார்கள். எழுத்துகள் மங்கிவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

என்னை அலைக்கழித்தது அடுத்த படிதான். மவுஸை அசைத்துச் சற்றுக் கழித்தே சுட்டி அசைந்தது. துப்பாக்கிச் சூட்டு விளையாட்டில் எதிரி கடந்து போன பின்னரே என் குண்டு சென்றது. மவுஸை மாற்றினேன், விளையாட்டின் காட்சித் தரத்தைக் குறைத்தேன், விண்டோசையே மீள நிறுவினேன், பயனில்லை. அயலவரின் மொனிட்டரை இரவல் வாங்கிப் பொருத்திய கணத்தில் தாமதம் மறைந்ததால்தான் குறை கணினியில் இல்லை என்று விளங்கியது. தொலைக்காட்சி தனக்கு வரும் ஒவ்வொரு படத்தையும் மெருகேற்றிய பிறகே காட்டுகிறது. 60 ஹேர்ட்ஸில் ஒரு படத்துக்குரிய நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன் என்றால், இந்த மெருகேற்றல் பல தொலைக்காட்சிகளில் 100 மில்லிசெக்கனையும் தாண்டும். 'கேம் மோட்' என்பதை இயக்கினால் அந்த வேலைகளில் பெரும்பாலானவை நின்றுவிடும். சில சாம்சங் தொலைக்காட்சிகளில் அது படப் பகுதியில் இல்லாமல், பொது அமைப்புகளுக்குள் வெளிச்சாதனங்களுக்கான பிரிவில் இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பல தொலைக்காட்சிகளில் இந்த அமைப்பு ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் தனித்தனி; கேபிளை வேறு துளைக்கு மாற்றினால் மீண்டும் இயக்க வேண்டும்.

பலன் தெரிய வேண்டுமாயின், மடிக்கணினியைத் தொலைக்காட்சியில் இணைத்து, இரண்டு திரையிலும் ஒரே நிறுத்தற்கடிகாரத்தைக் காட்டச் செய்து, கைப்பேசியால் ஒருசேரப் படமெடுங்கள். இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசமே மடிக்கணினித் திரையைவிடத் தொலைக்காட்சி பின்தங்கும் நேரம்.

கடுநீலப் பின்னணியில் சிவப்பு எழுத்துகள் கலங்கித் தெரிந்தால், அந்த உள்ளீட்டின் பெயரைப் 'பிசி' என மாற்றிப் பாருங்கள். பல தொலைக்காட்சிகள் அப்போதுதான் நிறத் தகவலை முழுமையாகக் காட்டும்.

வன்னியில் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஐப்பசி மழையோடு வரும் இடிமின்னலின்போது மின்செருகியை மட்டும் கழற்றினால் போதாது. கூரையிலுள்ள அன்டெனா அல்லது டிஷ் கேபிள் வழியாக வரும் மின்னழுத்தம், இப்போது எச்.டி.எம்.ஐ. ஊடாகக் கிராபிக்ஸ் கார்டு வரை செல்ல வழியிருக்கிறது. வானம் இருட்டியதும் அந்த அன்டெனா அல்லது டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

பிற்சேர்க்கை: எல்லாவற்றையும் செய்தும் எழுத்துத் தெளியவில்லை என்று முள்ளியவளையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். அவருடையது 'எச்டி ரெடி' வகை. அதன் திரையில் உள்ளவை 1366×768 புள்ளிகள் மட்டுமே. 1920×1080 படத்தை அனுப்பினால் தொலைக்காட்சி அதைச் சுருக்கியே காட்டும். விண்டோசில் 1360×768 அல்லது 1366×768 தெரிவு இருந்தால் அதையே வையுங்கள். அவருக்கு முதலாவது பொருந்தியது.